பத்ம விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி?

உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருப்பார். யாரும் கேட்காமலே, ஒரே வேலையை முப்பது நாற்பது வருடமாகப் பிறருக்காகச் செய்துகொண்டிருப்பார். “இவருக்கெல்லாம் கவர்மென்ட் ஏதாவது செய்யணும்” என்று டீக்கடையில் பேசுவோம், கலைந்து போவோம். அந்தப் பேச்சை டெல்லி வரை போகும் ஒரு பரிந்துரையாக மாற்றும் வேலையைத்தான் இந்த அத்தியாயத்தில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

எம்.பி. சிபாரிசு, கலெக்டர் கையெழுத்து, மந்திரி கடிதம் எல்லாம் வேண்டும் என்று நினைத்துப் பலர் தொடங்குவதற்கு முன்பே பின்வாங்கிவிடுகிறார்கள். அவற்றில் எதுவும் கட்டாயமில்லை. பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. கட்டணம் கிடையாது.

எளியவர்களுக்குக் கிடைக்குமா என்ற சந்தேகம் இருந்தால் அண்மை ஆண்டுகளின் பத்மஸ்ரீ பட்டியல்களைப் புரட்டுங்கள். கிராமத்துப் பெண்களுக்குக் களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை உருவாக்கிய மதுரை சின்னப்பிள்ளை 2019-இல் பெற்றார். நூறு வயதைத் தாண்டியும் வயலில் இறங்கி இயற்கை விவசாயம் செய்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் 2021-இல் பெற்றார். இருளர் சமூகத்துப் பாம்பு பிடிக்கும் வல்லுநர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் சேர்த்து 2023-இல் கிடைத்தது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் 2024-இல், பறை ஆசிரியர் வேலு ஆசான் 2025-இல்.

ஆனால் போட்டி கடுமையானது. 2019-ஆம் ஆண்டு விருதுகளுக்கு வந்த பரிந்துரைகள் 49,992. விருது பெற்றவர்கள் 112 பேர். அத்தனை பெரிய குவியலில் நீங்கள் எழுதும் 800 சொல் குறிப்புரைதான் அந்த மனிதருக்காகப் பேசும். அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த 800 சொற்களைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன் தெரிய வேண்டியவை

பத்ம விருதுகள் 1954-இல் தொடங்கப்பட்டவை. மூன்று நிலைகள்: பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ. குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் பெயர்கள் அறிவிக்கப்படும். மறைந்தவர்கள், வெளிநாட்டினர், வெளிநாடுவாழ் இந்தியர்கள் நீங்கலாக ஓராண்டில் 120-க்கு மேல் தரக்கூடாது என்பது வரம்பு. பாரத ரத்னா இதில் சேராது. அதைப் பிரதமர் நேரடியாகக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைப்பார். அதற்கு நாம் படிவம் நிரப்ப வேண்டியதில்லை.

பிரதமர் ஆண்டுதோறும் அமைக்கும் பத்ம விருதுகள் குழுதான் பரிந்துரைகளைப் பரிசீலிக்கிறது. அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவரின் செயலாளர், இவர்களோடு நான்கு முதல் ஆறு பிரமுகர்கள் அதில் இருப்பார்கள். குழு தேர்ந்தெடுக்கும் பெயர்கள் பிரதமர், குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் போகும். இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு உங்கள் ஊரும் தெரியாது, உங்கள் மனிதரையும் தெரியாது. எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

படி 1: விதிப்படி தகுதி இருக்கிறதா?

இனம், தொழில், பதவி, பாலினம் எதுவும் தடையில்லை. வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் தரப்படுகிறது. தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 2015-இல் பத்மஸ்ரீ பெற்றார். கவனிக்க வேண்டியவை இவை:

1. அரசுப் பணியில் இருக்கிறாரா? மருத்துவர்கள், அறிவியலாளர்கள் தவிர, பணியில் உள்ள அரசு ஊழியர்களுக்கும் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கும் தகுதி இல்லை. அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. அரசுப் பள்ளி ஆசிரியர் எவ்வளவு பெரிய சேவை செய்திருந்தாலும், அவர் பணியில் இருக்கும்வரை காத்திருங்கள். ஓய்வு பெற்ற பிறகு தாராளமாக அனுப்பலாம்.
2. உயிரோடு இருக்கிறாரா? பொதுவாக மறைந்தவர்களுக்குத் தருவதில்லை. மிகச் சிறப்பான நேர்வில், குடியரசு தினத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் மறைந்தவரைக் கருதலாம் என்கிறது விதி. 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்துக்கு 2024 ஜனவரியில் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது அப்படித்தான். பத்தாண்டுக்கு முன் காலமான தாத்தாவுக்காக விண்ணப்பிப்பதில் பயனில்லை.
3. ஏற்கெனவே பத்ம விருது பெற்றவரா? அடுத்த உயர்நிலைக்குப் பரிந்துரைக்க ஐந்தாண்டு இடைவெளி வேண்டும். மிகச் சிறப்பான நேர்வில் மட்டும் விலக்கு உண்டு.
4. குற்ற வழக்கு, அறக்கட்டளைக் கணக்கில் தகராறு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? தேர்வுக்கு நெருங்கும் பெயர்களின் பின்னணி விசாரிக்கப்படும். தயக்கமில்லாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நான்கும் சரியாக இருந்தாலும், நீங்களே உங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: இவர் தம் தொழிலில் கெட்டிக்காரர் என்பதற்கு அப்பால், அதனால் பிறருக்கு என்ன கிடைத்தது? துறையில் சிறந்து விளங்குவது மட்டும் போதாது, அதில் பொதுச்சேவையின் அம்சம் இருக்க வேண்டும் என்று விருதின் நெறிமுறையே சொல்கிறது. நன்றாக நாகஸ்வரம் வாசிப்பவர் பலர். நாகஸ்வரம் கற்க வசதியில்லாத பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்தவர் சிலர். இந்த இரண்டாவது வகை மனிதரைத் தேடுங்கள்.

படி 2: அவரிடம் பேசுங்கள்

“சொல்லாமல் அனுப்பி ஆச்சரியப்படுத்தலாம்” என்பது நல்ல எண்ணம்தான். ஆனாலும் வேண்டாம். எழுத்தாளர் ஜெயமோகன் 2016-இல் தமக்கு வந்த பத்மஸ்ரீயை ஏற்க மறுத்தார். அரசு விருதை ஏற்பதில்லை என்று உறுதியாக இருப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களின் முடிவை மதிக்க வேண்டும். தவிர, அவரோடு உட்கார்ந்து பேசாமல் உங்களால் சரியான தகவல் எதையும் சேர்க்க முடியாது.

பேசும்போது எதிர்பார்ப்பை ஏற்றிவிடாதீர்கள். “உங்களுக்கு வாங்கித் தர்றேன்” என்று சொன்னால் அந்த முதியவர் ஒவ்வொரு ஜனவரியிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “உங்க வேலையை டெல்லியில நாலு பேர் படிக்கட்டும்னு எழுதி அனுப்புறேன், வந்தாலும் வரும், வராமலும் போகும்” என்று சொல்வதே நேர்மை.

படி 3: கோப்பு சேர்த்தல்

இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். அவசரமாக எழுதிய பரிந்துரையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதில் வருடம் இருக்காது, எண்ணிக்கை இருக்காது, புகழ்ச்சி மட்டும் இருக்கும்.

1. அடையாளம். ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, முகவரி. மேடையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்துக்கூட்டு என்று கிராமத்துக் கலைஞர்களுக்கு இருப்பது சகஜம். ஆதாரில் உள்ளதையே படிவத்தில் எழுதுங்கள். ஊர் அறிந்த பெயரைக் குறிப்புரையின் முதல் வரியில் சொல்லுங்கள்.
2. ஆண்டுவரிசை. ஒரு முழுத்தாளில் இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் நடந்தது. வருடம் நினைவில்லாதபோது ஊர் நினைவு கைகொடுக்கும்: “எம்.ஜி.ஆர். செத்த வருசம்” என்றால் 1987, “சுனாமிக்கு அடுத்த வருசம்” என்றால் 2005.
3. எண்ணிக்கைக்குச் சான்று. வருகைப் பதிவேடு, சங்கக் கணக்குப் புத்தகம், நடவு செய்த மரங்களின் பஞ்சாயத்துப் பதிவு, மருத்துவ முகாம் சீட்டு. எதுவுமே இல்லையென்றால் பயன்பெற்றவர்களின் பெயர்ப்பட்டியலை நீங்களே தயாரித்து, அவர்களில் சிலரிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.
4. செய்தித்தாள் நறுக்குகள். பெரும்பாலான வீடுகளில் இவை ஒரு பழைய ஆல்பத்தில் ஒட்டியிருக்கும். செய்தியை மட்டும் அழகாக வெட்டி, பத்திரிகையின் பெயரும் தேதியும் இருந்த மேல் ஓரத்தை எறிந்திருப்பார்கள். பசை மெல்லப் பிரியும் இடத்தில் நறுக்கைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்துச் சினிமா விளம்பரமோ தேர்தல் செய்தியோ வருடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.
5. முன்பு பெற்ற அங்கீகாரம். கலைமாமணி போன்ற அரசு விருதுகள், அகாதமி விருதுகள், பல்கலைக்கழக அழைப்புகள். வருடத்தோடு.
6. அந்தத் துறையை அறிந்த, குடும்பத்துக்கு வெளியே உள்ள இரண்டு மூன்று பேரின் கடிதம். தளத்தில் இணைக்க இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் சொல்வதிலிருந்து எழுதுவதற்கான செய்தி கிடைக்கும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரை நீங்கள் பரிந்துரைப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க இவரையே மாதிரியாகக் கொள்கிறேன்.

“எத்தனை பேருக்குக் கூத்து கத்துக்குடுத்திருக்கீங்க வாத்தியாரே?”

“அது ஆச்சு, நெறைய பேருக்கு.”

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது. கேள்வியை மாற்றுங்கள். ‘ஜமா’ என்பது கூத்துக் குழு.

“உங்ககிட்ட கத்துக்கிட்டு இப்ப தனியா ஜமா வெச்சிருக்கவங்க எந்தெந்த ஊர்ல இருக்காங்க?”

“செய்யாறு பக்கம் ரெண்டு பேரு. வந்தவாசில மூணு. காஞ்சிபுரத்துல ஒருத்தன் இருக்கான், அவன் நம்ம கிட்ட பதினோரு வயசுல வந்தவன்…”

இனி அவரே பேசுவார். நீங்கள் குறித்துக்கொண்டே இருந்தால் போதும்.

படி 4: துறையும் நிலையும்

கலை, சமூக சேவை, பொது விவகாரம், அறிவியல் மற்றும் பொறியியல், தொழில் வணிகம், மருத்துவம், இலக்கியமும் கல்வியும், குடிமைப் பணி, விளையாட்டு, இவற்றில் அடங்காதவற்றுக்கு ‘இதர’ என்று துறைகள் உள்ளன. ஒரே மனிதர் இரண்டு துறையில் பொருந்தும்போது, சான்று எங்கே அதிகமோ அந்தத் துறையைத் தேர்ந்தெடுங்கள். விவசாயம் தனித்துறையாக இல்லையே என்று குழம்ப வேண்டாம். பாப்பம்மாளுக்கு விருது ‘இதர’ பிரிவில்தான் வந்தது.

நிலையைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: முதல் முறை பரிந்துரைக்கப்படுபவர் என்றால் பத்மஸ்ரீக்கே எழுதுங்கள். தேசிய அளவில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு மட்டும் உயர்நிலைகளை நினைக்கலாம். “கேட்பதைப் பெரிதாகக் கேட்போம்” என்று பத்ம விபூஷணுக்கு எழுதுவதால் அவருக்கு மரியாதை கூடிவிடாது.

படி 5: 800 சொற்கள்

தளத்தில் குறிப்புரை எழுத உச்சவரம்பு 800 சொல். படிப்பவர்கள் டெல்லியில் இருப்பவர்கள் என்பதால் ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது. ஆனால் முதலில் தமிழில் எழுதுங்கள். உங்கள் மனதுக்குப் பட்டதைச் சொந்த மொழியில் தெளிவாக எழுதி முடித்த பிறகு, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றுங்கள். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி அனுப்பாதீர்கள். கலைச்சொல்லும் ஊர்ப்பெயரும் சிதைந்து வரும்.

வாத்தியாரைப் பற்றி வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

“கூத்துக் கலையின் சிகரம், தெருக்கூத்துத் தென்றல், தன்னலம் கருதாத வள்ளல், எண்ணற்ற மாணவர்களை உருவாக்கிய பிதாமகர். இவர் பெற்ற விருதுகளுக்கும் பொன்னாடைகளுக்கும் கணக்கே இல்லை. வறுமையில் வாடும் இவருக்கு விருது வழங்கினால் அந்த விருதுக்கே பெருமை.”

பிளெக்ஸ் பேனருக்கு இது பொருந்தும். குழுவுக்கு இதில் படிக்க எதுவும் இல்லை. வாத்தியாரின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள். அதுதான் இதன் குறை.

அதையே மாதிரி எண்களோடு இப்படி எழுதலாம்:

“தெருக்கூத்து தமிழகத்தின் வட மாவட்டங்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் மகாபாரதக் கதைகள் கூத்தாக ஆடப்படுகின்றன. செய்யாறு வட்டாரத்தில் 1979 முதல் ஆடிவரும் இவர், 1988 முதல் பள்ளிப்படிப்பை நிறுத்திய சிறுவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் தம் வீட்டிலேயே கற்பித்து வருகிறார். முழுப் பயிற்சி முடித்தவர்கள் 62 பேர். அவர்களில் 6 பேர் இன்று சொந்தமாக ஜமா நடத்துகிறார்கள். 1996-இல் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அவர் ஊரில் அதுவரை பெண்கள் வேடம் கட்டியதில்லை. வாய்வழியாக மட்டும் இருந்த 14 கூத்துகளைக் கையால் எழுதிப் பாதுகாத்திருக்கிறார்.”

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் இல்லை. படித்து முடிக்கும்போது அவர் மேல் தானாக மரியாதை வருகிறது.

எழுதும் வரிசை:

1. முதல் பத்தி, சுமார் 100 சொல். யார், எங்கே, எப்போது முதல், யாருக்காக, என்ன. துறை தெரியாதவருக்கு அந்தக் கலையையோ தொழிலையோ இரண்டு வாக்கியத்தில் விளக்குங்கள்.
2. அடுத்து 350 சொல் வரை. செய்த வேலை, வருட வரிசையில். ஒவ்வொரு கூற்றுக்கும் இடம், ஆண்டு, எண்ணிக்கை இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.
3. 200 சொல். அதனால் பிறரிடம் ஏற்பட்ட மாற்றம். யார் வாழ்க்கையில், என்ன மாறியது?
4. 100 சொல். இவர் இல்லாமல் போயிருந்தால் எது இல்லாமல் போயிருக்கும்? பரிந்துரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான்.
5. மிச்சம் இருக்கும் இடத்தில் முன்பு பெற்ற விருதுகள், வெளியான நூல்கள். முக்கியமானவை மட்டும்.

நான்காவது புள்ளியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இருளர் பாம்பு பிடிப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு பிடிப்பது துணிச்சலான வேலை என்று மட்டும் எழுதினால் அது சாகசக் கதை. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாரிக்கிறார்கள். வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்புகள். அவர்களின் பாரம்பரிய அறிவு அழிந்தால் இழப்பு யாருக்கு என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. உங்கள் மனிதருக்கும் இப்படி ஓர் உண்மை இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பரிந்துரைப்பவரின் முக்கியமான வேலை.

*தவிர்க்க வேண்டியவை*

- வறுமையைக் காரணமாகச் சொல்லாதீர்கள். பத்ம விருதில் பணமுடிப்பு கிடையாது. ரயில், விமானச் சலுகையும் கிடையாது. அவருக்கு வேண்டியது பண உதவி என்றால் நலிந்த கலைஞர் ஓய்வூதியம் போன்ற திட்டங்களுக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். இரண்டையும் கலந்தால் அவருடைய சாதனை பின்னுக்குப் போய்விடுகிறது.
- கேடயங்களின் பட்டியல். உள்ளூர் சங்கங்கள் தந்த 40 விருதுகளை வரிசைப்படுத்தினால் பாதி இடம் போய்விடும்.
- பிறரோடு ஒப்பிடுதல். “அவருக்கே கொடுத்தார்கள், இவருக்கு ஏன் இல்லை” என்ற தொனி ஒரு வாக்கியத்திலும் வரக்கூடாது.
- சரிபார்க்காத ‘முதல்’. “உலகிலேயே முதன்முறையாக” என்று எழுதும் முன் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பொய்யான ‘முதல்’ மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.
- குழுவின் உழைப்பை ஒருவர் கணக்கில் எழுதுதல். ஊரே சேர்ந்து வெட்டிய ஏரிக்கு அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் அவரை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு “இவர் என்ன செய்தார்?” என்று கேளுங்கள். ஒரே மூச்சில் அவர் பதில் சொன்னால் குறிப்புரை தயார்.

படி 6: தளத்தில் பதிவு

பரிந்துரைகள் ‘ராஷ்ட்ரிய புரஸ்கார்’ என்ற அரசுத் தளத்தில், அதாவது அவார்ட்ஸ் டாட் கவ் டாட் இன் முகவரியில், இணையவழியாக மட்டுமே ஏற்கப்படுகின்றன. தபாலில் அனுப்பும் தடித்த கோப்புகளால் பலனில்லை.

தேதியில் கவனம் வேண்டும். பல ஆண்டுகள் மே 1 முதல் செப்டம்பர் 15 வரை அவகாசம் இருந்தது. 2026 விருதுகளுக்கோ 2025 மார்ச் 15-இலேயே தொடங்கி, முன்பைவிடச் சீக்கிரமே முடிந்தது. பழைய நினைவில் செப்டம்பரில் தளத்தைத் திறந்தால் வாய்ப்பு போயிருக்கும். பிப்ரவரி முதலே அடிக்கடி தளத்தைப் பாருங்கள்.

1. உங்கள் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
2. பட்டியலில் பத்ம விருதுகளைத் தேர்ந்தெடுங்கள். அதே தளத்தில் வேறு பல அமைச்சகங்களின் விருதுகளும் இருப்பதால் மாற்றித் தொட்டுவிட வாய்ப்பு உண்டு.
3. பரிந்துரைக்கப்படுபவரின் விவரங்களை ஆதாரோடு ஒப்பிட்டு நிரப்புங்கள்.
4. தொலைபேசி எண் மிக முக்கியம். முதியவரிடம் கைபேசி இல்லையென்றால், எப்போதும் எடுக்கக்கூடிய மகன், மகள், பேரன் எண்ணைக் கொடுங்கள். அடிக்கடி சிம் மாற்றுபவரின் எண் வேண்டாம்.
5. குறிப்புரையைத் தளத்திலேயே உட்கார்ந்து எழுதாதீர்கள். தனிக் கோப்பில் எழுதி, சொற்களை எண்ணிப் பார்த்து, பிறகு ஒட்டுங்கள். நடுவில் இணையம் துண்டித்தாலும் எழுதியது பத்திரமாக இருக்கும்.
6. அனுப்பும் முன் முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஊர்ப்பெயர், வருடம், எண்கள்.
7. அனுப்பியதும் வரும் பதிவு எண்ணையும் ஒப்புகையையும் அச்செடுத்து வையுங்கள்.

கடைசி நாளுக்கு விடாதீர்கள். இ-சேவை மையத்தில் செய்வதானால், கடவுச்சொல்லை அங்கே எழுதி வைத்துவிட்டு வராதீர்கள். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 7: அனுப்பிய பிறகு

ஊர் முழுக்க ஆளைப் பிடித்து ஒரே மனிதருக்கு நூறு பரிந்துரை அனுப்ப வைக்கும் வழக்கம் பரவிவருகிறது. இது வாக்கெடுப்பு இல்லை. நூறு வெற்றுப் பரிந்துரையைவிட நன்றாக எழுதிய ஒன்று மேல். முகநூலில் அறிவிப்பதும் வேண்டாம். அது அவருக்குச் சங்கடம், மோசடிக்காரர்களுக்குத் துப்பு.

தேர்வானால் அறிவிப்புக்குச் சற்று முன் டெல்லியிலிருந்து தொலைபேசியில் கேட்பார்கள். ஏற்க விருப்பமில்லை என்று அவர் சொன்னால் பெயர் விலக்கப்படும். ஜனவரி மூன்றாவது வாரம் முதல் அந்த எண் அணைத்திருக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் வராவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது பழையதையே நகலெடுக்காமல், அந்த ஓராண்டில் அவர் செய்ததைச் சேர்த்துப் புதிதாக எழுதுங்கள்.

எச்சரிக்கை: விருது வியாபாரிகள்

விருதுக்கு ஆசைப்படும் இடத்தில் தரகர்கள் வந்து நிற்பார்கள். வயதான கலைஞர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அவர்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல. மாலையோடு எடுத்த புகைப்படம் ஊரில் கேலிக்கு உள்ளாகும்போது பல ஆண்டுகள் சேர்த்த மதிப்பும் போகிறது.

1. பத்ம விருதுக்கு எந்தக் கட்டத்திலும் பணம் கிடையாது. ‘கோப்பு நகர’, ‘சரிபார்ப்புக் கட்டணம்’ என்று யார் கேட்டாலும் மோசடி. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.
2. உள்துறை அமைச்சகம் என்று சொல்லி ஓ.டி.பி., வங்கி விவரம் கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள்.
3. ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடியாத தளத்தில் ஆதார் விவரம் தராதீர்கள்.
4. கௌரவ டாக்டர் பட்டம் தருவதாக வரும் கடிதங்களில் அந்தப் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மண்டபம் பெரிதாக இருப்பது சான்றாகாது. 2023-இல் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே விழா நடத்திப் பிரபலங்கள் பலருக்குப் போலி டாக்டர் பட்டம் வழங்கியது. தங்களுக்கு அதில் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் போலீஸில் புகார் கொடுத்தது.

விருது வந்துவிட்டால்

குடியரசுத் தலைவர் மாளிகையில் நடக்கும் விழாவில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழும் பதக்கமும் தரப்படும். விழாக்களில் அணிந்துகொள்ளப் பதக்கத்தின் சிறு படியும் கிடைக்கும். முதியவரோடு போகும் ஒருவர் அவருடைய மருந்து, மருத்துவச் சீட்டு, டெல்லிப் பருவநிலைக்கு ஏற்ற உடை இவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியதும் செய்யக்கூடாத ஒன்று உண்டு: விருதைப் பெயரோடு ஒட்டிக்கொள்வது. நம் ஊரில் எல்லோரும் செய்வதும் அதைத்தான். அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதை ஒழித்திருக்கிறது. பத்ம விருதுகள் அந்தப் பிரிவை மீறுகின்றனவா என்ற கேள்வி பாலாஜி ராகவன் வழக்கில் எழுந்தபோது, 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும் என்றது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ அவற்றைச் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னது. மீறினால் விருது பறிபோகலாம். பாராட்டு விழா பேனர், கல்யாணப் பத்திரிகை, வீட்டு வாசல் பலகை, கடிதத் தாள், நூலின் அட்டை என எதிலும் ‘பத்மஸ்ரீ’ என்று பெயருக்கு முன் போடாதீர்கள். “2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்” என்று தகவலாகத் தனி வரியில் எழுதிக்கொள்ளலாம். பேனர் அச்சடிக்கும் கடைக்காரருக்கும் விழாக்குழுத் தலைவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அச்சடித்து மாட்டிய பிறகு இறக்கச் சொல்வது கஷ்டம்.